லேமினேஷனுக்குள்ள ஒரு விமானி

எங்க ஊட்டுல பிளாஸ்டிக் உறை போடாத காயிதம் ரெண்டே ரெண்டுதான். ஒன்னு ரூபா நோட்டு, இன்னொன்னு தினம் கிழிக்கிற காலண்டர். மத்தபடி ரேஷன் கார்டு, அப்பாவோட ஜாதகம், ஆறாவது படிக்கறப்போ பேச்சுப் போட்டியில எனக்குக் குடுத்த ஆறுதல் பரிசுச் சான்றிதழ் வரைக்கும் அத்தனையும் லேமினேஷன்தான். பீரோவத் தொறந்து ஒரு காயிதம் தேடினா தகரக் கொட்டாய்ல மழை பேஞ்ச மாதிரி சத்தம் வரும்.

எல்லாத்துக்கும் காரணம் லாரி. நாமக்கல்லுல இருந்து மோகனூர் போற ரோட்டுல எங்க ஊடு. அப்பா லாரி ஓட்டுறவரு, சொந்த லாரி மூணு. ஒன்னுல அவரே ஏறிக்குவாரு. ஆத்தூர்ல ஜவ்வரிசி ஏத்தி இந்தூர்ல எறக்கி, அங்க கெடைக்கிற லோடைப் பிடிச்சு இன்னொரு ஊர் போயி, திரும்பி வர இருபது நாளாயிரும். ஊட்டுல உக்காந்துக்கிட்டு மூணு லாரியையும் ஓட்டுறது எங்கம்மா. ஸ்டியரிங்கைத் தொட்டது கெடையாது. ஆனா எந்த வண்டிக்கு எஃப்.சி. எப்ப முடியுது, எதுக்கு இன்ஷூரன்ஸ், எதுக்கு பர்மிட்டுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

லாரிக்காரன் பேப்பர் பாவப்பட்ட பேப்பருங்க. கிரீஸ் கை படும், டீ கொட்டும், மழை ஒழுகும், மாநிலத்துக்கு ஒரு ஆபீசர் புரட்டிப் பாப்பாரு. உறை போடலைன்னா ஆறு மாசத்துல வடை மடிச்ச காயிதமாட்ட ஆயிரும். அதனால ஆர்.டி.ஓ. ஆபீசுல பேப்பரை வாங்குன அஞ்சாவது நிமிசம், எதுத்தாப்புல இருக்கிற லேமினேஷன் கடையில எங்கம்மா நிக்கும். இப்பல்லாம் போன்லயே காட்டலாமேன்னு ஒருக்கா சொல்லிப் பார்த்தேன். "போன்ல சார்ஜ் இல்லீனா?" அப்படின்னு கேட்டுச்சு.

முன்னால லாரி நாலு இருந்துச்சு. அந்த நாலாவதுதான் நான். அதைய வித்துத்தான் என்னையத் தென்னாப்பிரிக்காவுக்குப் பைலட் படிப்புக்கு அனுப்புனாங்க. "பத்துச் சக்கரத்தை வித்து ரெண்டு றெக்கை வாங்கியிருக்கறோம். பாத்துப் பற அம்மிணி"ன்னு சொல்லித்தான் அப்பா ஏர்போர்ட் வாசல்ல என்னை விட்டாரு. ஒன்றரை வருசம் அங்க பறந்தேன். கமர்ஷியல் பைலட் லைசென்சும் வாங்கினேன். சம்பளத்துக்கு விமானம் ஓட்டலாம்னு சொல்ற லைசென்ஸ் அது.

ஊருக்கு வந்தவுடனே நான் நேரா ஏரோப்பிளேன்ல ஏறி உக்காந்துக்குவேன்னு சொந்தக்காரங்க ஒறம்பரை பூராவும் நெனச்சாங்க. சத்தியமாச் சொல்றேன், நானும் பாதி அப்படித்தான் நெனச்சேன். அங்கத்த லைசென்ஸ் அங்கத்த விமானத்துக்குத்தான் ஆகும். இந்திய விமானம் ஓட்டோணும்னா இந்திய லைசென்ஸா மாத்தோணும். மாத்தறதுன்னா கவுண்டர்ல ஒன்னைக் குடுத்து இன்னொன்னை வாங்கிக்கறது கெடையாது. மறுபடி பரீட்சை, மறுபடி உடம்புச் சோதனை, மறுபடி பறந்து காட்டறது, ப்ளஸ் டூ மார்க்ஷீட் அசலான்னு விசாரணை, எல்லாம் உண்டு.

அப்பாவுக்கு இது பொறுக்கவே இல்ல. நாக்பூர் பக்கத்துல இருந்து போன்ல கத்துனாரு. "ஏ அம்மிணி, அஞ்சு மாநிலம் தாண்டுற என் வண்டிக்கு ஒரே நேஷனல் பர்மிட்டு. ஆகாசத்துல ஆரு கோடு கிழிச்சது?"

"கிழிச்சிருக்காங்கப்பா."

"அந்தச் செக்போஸ்டு எங்க இருக்குது? ஆபீசரை நேர்ல பாத்து ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசு."

"செக்போஸ்டு டெல்லில இருக்குது. ஆபீசரைப் பாக்க முடியாது. போர்ட்டல்ல ஏத்தோணும், போர்ட்டல்லயே பதில் வரும்."

"மூஞ்சியே இல்லாத செக்போஸ்டா! அட கெரகமே!" அப்பா வாழ்க்கையில எவ்வளவோ செக்போஸ்டு பாத்திருக்காரு. இதுக்குத்தான் நெசமாவே பயந்தாரு.

பரீட்சையில நான் பட்ட பாட்டைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க, சிரிச்சுக்குங்க. பூமியோட தெக்குப் பாதியில எல்லாமே தலைகீழு. அங்க மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கமா நிக்கும். புயல் கடியார முள்ளு சுத்துற பக்கமாச் சுத்தும், நம்ம பக்கத்துல அதுக்கு எதிராச் சுத்தும். விமானம் திரும்பறப்போ திசைகாட்டி கொஞ்சம் பொய் சொல்லும். அங்க வடக்கே திரும்பினா முள்ளு வடக்கைத் தாண்டின பொறகு நிறுத்தோணும், இங்க தாண்டறதுக்கு முன்னாடியே நிறுத்தோணும். ஒன்றரை வருசம் மண்டையில ஏத்துனதை அப்படியே கவுத்துப் போட்டுப் படிக்கோணும். முதல் தடவை வானிலைப் பரீட்சையில வங்காள விரிகுடாப் புயலை நான் தென்னாப்பிரிக்காப் பக்கமாச் சுத்த விட்டுட்டேன். ஃபெயிலு.

அம்மா அதைத் தெருவுல ரொம்பப் பெருமையாத்தான் சொல்லுச்சு. "எம்புள்ள காத்துப் பரீட்சையில மட்டுந்தான் போச்சு, மத்ததெல்லாம் பாஸு." பக்கத்து ஊட்டு அக்கா வந்து, "காத்தைப் பத்தியெல்லாமா பரீட்சை வெக்கறாங்க?"ன்னு எங்கிட்டத் துக்கம் விசாரிச்சுட்டுப் போச்சு.

அந்தப் பரீட்சைக்கெல்லாம் முன்னாடியே ஒன்னு நடந்துருச்சு. நான் தென்னாப்பிரிக்காவுல இருந்து கெளம்பறப்போ என் கையில இருந்தது தற்காலிகச் சீட்டு. அசல் லைசென்ஸ் அச்சாகிக் கூரியர்ல ஊட்டுக்கு வந்துச்சு. அன்னைக்கு நான் உடம்புச் சோதனைக்குப் பெங்களூர் போயிருந்தேன். அம்மா கவரைப் பிரிச்சிருக்குது. உள்ள நல்ல கெட்டித் தாள், நீலமும் தங்கமுமா முத்திரை, என் போட்டோ. எங்கம்மா இருபது வருசமா என்ன செஞ்சுதோ அதையேதான் செஞ்சுது.

நான் பஸ்ஸை விட்டு எறங்கறேன், நாமக்கல் பஸ் ஸ்டாண்டுலயே அம்மா நிக்குது, கையில லைசென்ஸோட. பளபளன்னு இருக்குது. நாலு மூலையும் வட்டமா வெட்டியிருக்குது. மூலை வட்டமா வெட்டறது தனி வேலை, வேண்டப்பட்டவங்களுக்கு மட்டுந்தான் கடைக்காரர் செய்வாரு. நான் அம்மாவைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்தேன். அந்த எடத்துலயே லைசென்ஸைக் கன்னத்தோட வெச்சு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். இதைய நான் மறைக்க மாட்டேன். ஏன்னா பின்னாடி நான் பேசுன பேச்சுக்கு இது ரொம்ப முக்கியம்.

தாளுக்குக் கீழ்ப்பக்கம் வெரல் அகலத்துல ஒரு கட்டம் வெறுமையா இருந்துச்சு. அதுக்கடியில பொடி எழுத்துல, லைசென்ஸுக்கு உரியவர் கையெழுத்து இல்லாமல் இது செல்லாதுன்னு போட்டிருந்துச்சு. நானும் பாக்கல, அம்மாவும் பாக்கல. ஸ்டேட்டஸுக்கு நெருப்பும் இதயமும் போட்ட இருநூறு பேர்ல ஒருத்தரும் பாக்கல.

அதுக்கப்புறம் புயலைச் சரியான பக்கமாச் சுத்தவிட்டு வானிலை பாஸ் பண்ணினேன். ரேடியோவுல பேசற பரீட்சையும் தேறினேன். வடக்கே ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல போயி எக்சாமினரைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பறந்தும் காட்டினேன். அங்கதான் கடியாரம் ஓட ஆரம்பிச்சுது. பறந்து காட்டுன நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள லைசென்ஸ் கைக்கு வந்துரோணும். வரலைன்னா அந்தப் பறப்பு செல்லாது, மறுபடியும் போயிப் பறந்து காட்டோணும். மறுபடியும் பறக்கோணும்னா மூணாவது லாரி போயிரும். அப்பா அதைய வாய்விட்டுச் சொல்லவே இல்ல. "ரெண்டு வண்டி போதும் அம்மிணி, எனக்கும் வயசாகுதுல்ல"ன்னு மட்டும் ஒருக்கா சொன்னாரு. அன்னைக்கு நான் சோறு திங்கல.

எல்லாக் காயிதத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தினேன். தென்னாப்பிரிக்காக்காரங்களும் இந்தப் பொண்ணு எங்ககிட்டப் படிச்சது நெசந்தான்னு டெல்லிக்கு ரெண்டு வரியில எழுதிட்டாங்க. நாலு மாசம் போச்சு. அஞ்சாவது மாசம் முடியறப்போ போர்ட்டல்ல ஒரு வரி வந்துச்சு. வெளிநாட்டு லைசென்ஸில் உரியவர் கையெழுத்து இல்லை, சரிசெய்து அனுப்பவும்.

எடுத்துப் பாத்தேன். கட்டம் காலி. சரி, போட்டுட்டாப் போச்சுன்னு பேனாவை எடுத்தேன். பேனா பிளாஸ்டிக்குல வழுக்கிட்டு ஓடுச்சு. அப்பத்தான் விசயம் புரிஞ்சுது. என் கையெழுத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல எங்கம்மாவோட அக்கறை ஒரு மில்லிமீட்டர் கனத்துல ஒட்டிக்கிட்டு இருக்குது. நகத்துல சொறண்டிப் பாத்தேன், பல்லுல கடிச்சும் பாத்தேன். ம்ஹூம்.

தென்னாப்பிரிக்காவுக்கு மெயில் போட்டேன், நகல் ஒன்னு குடுங்கன்னு. ஒரு வாரங்கழிச்சு நெம்ப மரியாதையாப் பதில் வந்துச்சு. தாராளமாக் குடுக்கறோம், மூணு மாசம் ஆகும்னு. என்கிட்ட இருந்தது மூணே வாரம்.

உடனே ஜெராக்ஸ் கடைக்கு ஓடிப்போயி, அழியாத மார்க்கர் பேனா ஒன்னை வாங்கி, பிளாஸ்டிக் மேலயே கையெழுத்துப் போட்டேன். கை வழுக்கி, கடைசி எழுத்து வாலு நீண்டு கட்டத்தைத் தாண்டிப் போட்டோவுல என் தாவாக்கட்டையத் தொட்டுருச்சு. அப்படியே ஸ்கேன் பண்ணி அனுப்புனேன். நாலாம் நாள் பதில். கையெழுத்து ஆவணத்தின் மீது இல்லாமல் அதன் மேலுறையில் இடப்பட்டதாகத் தெரிகிறது. தெரியாம இருக்குமா பின்ன!

அன்னைக்குத்தான் எனக்கு வெறி ஏறுச்சு. என் கோவம் எங்க தெருவுக்கே தெரியும், மூணாவது ஊட்டு நாய் வரைக்கும் எந்திரிச்சுப் போயிரும். அம்மா அடுப்படியில நின்னு இன்ஷூரன்ஸ்காரர்கிட்டப் போன் பேசிட்டு இருந்துச்சு. நான் போயி லைசென்ஸை மேடை மேல டொப்புனு போட்டேன். "படிக்காதவங்க கையில பேப்பரைக் குடுத்தா இப்படித்தான் நாசமாப் போகும். ஒரு வார்த்தை படிச்சுப் பாத்திருந்தா என்ன? நீ பாட்டுக்குத் தூக்கிட்டுப் போயி ஒட்டிட்டு வந்துருவியா?"

அம்மா போனை வெச்சுது. லைசென்ஸை எடுத்து முந்தானையில தொடச்சுது. "தெரியாமப் போச்சு சாமி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. அடுப்புல தாளிச்ச கடுகு கருகிக்கிட்டு இருந்துச்சு. நான் அடுப்பை அணைச்சுட்டு அங்கயே நின்னேன். எனக்கும் என் வாய்க்கும் எப்பவுமே ஆகாது.

மறுநாள் காலையில அம்மா சேலை மாத்தி ரெடியா நின்னுச்சு. "வா, ஒட்டுனவர்கிட்டயே கேப்போம்."

லேமினேஷன் கடைக்காரருக்கு அம்பது வயசிருக்கும். மெசினுக்குப் பக்கத்துலயே வாழ்ந்து வாழ்ந்து அவரு மூஞ்சியும் பளபளன்னுதான் இருக்கும். லைசென்ஸைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. முதல்ல மூலைகளைத்தான் ரசிச்சாரு. "நம்ம வேலைதானுங்க. அருமையா உக்காந்திருக்குது."

"பிரிக்கோணுங்கண்ணா," அப்படின்னு சொன்னுச்சு அம்மா.

மனுசன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "ஏனுங்கக்கா, ஒட்டறதுதானுங்க நம்ம சோலி. இத்தன வருசத்துல ஒருத்தரும் வந்து பிரிச்சுக் குடுன்னு கேட்டதில்லீங்களே." அப்புறம் நாங்க விசயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து யோசிச்சாரு. பத்து நிமிசம் ஒருத்தருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கல. "முழுசாப் பிரிச்சீங்கன்னா தாள் போயிரும். கையெழுத்துக் கட்டம் மட்டுந்தானுங்களே வேணும்? அந்த எடத்துல மட்டும் ஜன்னலாட்டத் தொறங்க. இஸ்திரிப் பொட்டி முனையில சூடு காட்டி, பசை இளகறப்போ நைலான் நூலை உள்ள விட்டு அறுங்க. முதல்ல வேற காயிதத்துல செஞ்சு பழகிக்குங்க. என் கடையில செய்ய மாட்டேனுங்க. கை நடுங்கும்."

எங்க ஊட்டுச் சாப்பாட்டு மேசை ஆஸ்பத்திரி ஆயிருச்சு. இஸ்திரிப் பொட்டி, பிளேடு, லாரித் தார்ப்பாய் தைக்கிற நைலான் நூல், பழைய வேட்டித் துணி. அப்பா வீடியோ கால்ல. ஏதோ ஒரு தாபா வாசல்ல கயித்துக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, "டீசல்ல ஊறப் போட்டுப் பாருங்களேன்" அப்படிங்கறாரு.

"கம்முனு இருங்க. புள்ள லைசென்ஸை இன்ஜின்னு நெனச்சீங்களா?"ன்னு அம்மா ஒரே அதட்டு.

பழகறதுக்கு முதல்ல வித்துப்போன நாலாவது லாரியோட பர்மிட்டை எடுத்தோம். சூடு காட்டிப் பிரிச்சா, எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோட போயி, கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பி நின்னுச்சு. ரெண்டாவது ஒரு பழைய பொல்யூஷன் சர்டிபிகேட்டு. அது தீஞ்சே போச்சு, ஊடு பூரா புகை. "பொல்யூஷன் சர்டிபிகேட்டே பொல்யூஷன் பண்ணுது பாரு"ன்னு நான் சிரிச்சேன். அம்மாவும் சிரிச்சுருச்சு. அந்தப் பேச்சுக்கு அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்த முதல் சிரிப்பு.

மூணாவதுக்கு அம்மா உள்ள போயி ஒரு தாளைக் கொண்டாந்துச்சு. "இதுதான் லைசென்ஸ் மாதிரியே கனம். இதுல சரியாத் தெரியும்." வாங்கிப் பாத்தேன். தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ், லோயர் கிரேடு, முதல் வகுப்பு. அம்மா பேரு.

"உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா?"

"கண்ணாலத்துக்கு முந்தி படிச்சது."

"எங்கிட்டச் சொன்னதே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே. பொட்டி சூடாறுது, தாளைப் பிடி."

வேண்டாம்னு சொல்லறதுக்குள்ள பொட்டி முனையைத் தன் பேருக்குக் கீழ இருக்கிற கையெழுத்து மேல வெச்சுருச்சு. எண்ணி எட்டு. பொட்டியை எடுத்து, பிளேடுல நாலு பக்கமும் கீறி, நூலை உள்ள விட்டு அறுத்துச்சு. பிளாஸ்டிக் வெல்லப்பாகு மாதிரி இழுத்துக்கிட்டு வந்துச்சு. அடியில தாளு அப்படியே இருந்துச்சு. சீலுல மட்டும் ஒரு ஓரம் போச்சு. "போனாப் போவுது. எண்ணி எட்டு, அதுதான் கணக்கு"ன்னு சொல்லிட்டு லைசென்ஸை இழுத்துப் போட்டுச்சு.

அப்பா போன்ல சாமி கும்பிட ஆரம்பிச்சுட்டாரு. ஒத்தை இஞ்சின் விமானத்துல, பயிற்சிக்கு நடு ஆகாசத்துல இஞ்சினைக் குறைச்சுக் காட்டுவாங்க, அப்பக்கூட எனக்கு இப்படிப் படபடன்னு அடிச்சதில்ல. எட்டு எண்ணுச்சு. கீறுச்சு. நூலை விட்டுச்சு. கட்டம் தொறந்துருச்சு! வெரல் அகலத்துக்கு ஒரு ஜன்னலு, உள்ள வெள்ளைத் தாளு!

ஆனா பேனா எழுத மாட்டேங்குது. பசைப் பிசுக்கு. அம்மா ஓடிப்போயி முகத்துக்குப் போடற பவுடரைக் கொண்டாந்து ஒரு சிட்டிகை தூவி, வெரல்ல தடவி, ஊதி விட்டுச்சு. நான் கையெழுத்துப் போட்டேன். மல்லிப்பூ வாசத்தோட நின்னுச்சு என் பேரு. அம்மா கையப் புடிச்சு மேசையச் சுத்தி ஆடினேன் பாருங்க! அம்மா வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே மூணு சுத்து சுத்துச்சு. போன்ல அப்பாவும் கட்டிலை விட்டு எந்திரிச்சு ஆடினாரு. பின்னாடி ரெண்டு கிளீனருங்க என்னமோ ஏதோன்னு பாத்துட்டு நின்னாங்க.

அனுப்பினேன். பதினோரு நாள் சத்தமே இல்ல. ஒரு வெள்ளிக்கிழமை காலையில வந்துச்சு. முன்பு அனுப்பிய ஆவணத்திலிருந்து கையெழுத்தும் ஆவணத்தின் நிலையும் மாறுபடுகின்றன. நோட்டரி முன் உறுதிமொழியுடன் விளக்கம் தேவை.

திங்கக்கிழமையோட ஆறு மாசம் முடியுது. சனி ஞாயிறு டெல்லி ஆபீஸ் லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஏத்தினாத்தான் வரிசையில முன்னால நின்னு திங்கக்கிழமை ஒருத்தர் கண்ணுல படும்.

நோட்டரி வக்கீல் ஆபீசு அம்மாவுக்குத் தெரிஞ்ச எடந்தான், லாரிப் பேப்பருக்கு எப்பவும் போறது. போறப்போ மணி மூணு. வக்கீலு விசயத்தைக் கேட்டாரு, தலையாட்டினாரு, கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருந்த ஒரு மாதிரியைத் தொறந்து டெல்லிக்காக இங்கிலீஷ்ல அடிச்சாரு. முத்திரைத் தாள்ல பிரிண்ட் எடுத்து, எங்களுக்காகத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினாரு.

"...மேற்படி லைசென்ஸை, படிப்பறிவு இல்லாத எனது தாயார், தன் அறியாமையினால் லேமினேஷன் செய்துவிட்டார். அதற்காக வருந்துகிறேன்."

அம்மா என் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. கையில மஞ்சப் பை, அதுக்குள்ள லைசென்ஸ். மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்ல. எனக்குத்தான் காது ரெண்டும் தீயா எரிஞ்சுது. அந்த வக்கீலு எங்க அடுப்படியில நின்னு நான் பேசுனதை ஒளிஞ்சு கேட்டு எழுதுன மாதிரி இருந்துச்சு.

"அதைய மாத்தி அடிங்க சார்"னு சொன்னேன்.

வக்கீலு கண்ணாடியக் கழட்டினாரு. "இதுதான்மா எடுபடும். அறியாமைன்னு போட்டா ஆபீசுல பாவம்னு விட்டுருவாங்க. வேற மாதிரி போட்டா மறுபடி கேள்வி வரும். உனக்குத் திங்கக்கிழமையோட முடியுதுங்கற."

அம்மா என் முழங்கையக் கிள்ளுச்சு. வக்கீலைப் பாத்து, "அப்படியே இருக்கட்டுங்க. சோலியாகோணும்"னுச்சு. வேற ஆரையோ பத்தி எழுதுனது மாதிரி சொல்லுச்சு.

"ஆகாது. தப்பு என் மேல. நான் சொல்றேன், அடிங்க" அப்படின்னு நான் குரலை ஒசத்திட்டேன். வக்கீல் ஆபீசுல உக்காந்திருந்த மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க. மணி மூணே முக்கால். வக்கீலு என் மூஞ்சியைப் பாத்தாரு, பெருமூச்சு விட்டாரு, புதுசா ஒரு முத்திரைத் தாளை எடுத்தாரு. நான் ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னேன். அவரு அடிச்சாரு. சாட்சிக் கையெழுத்து அம்மா போட்டுச்சு. நாலரைக்கு ஸ்கேன் பண்ணோம், நாலு ஐம்பதுக்கு ஏத்தினோம். ஊட்டுக்கு வர்ற வழி பூரா அம்மா திட்டிக்கிட்டே வந்துச்சு. "ரெண்டு வார்த்தைக்கு ஒரு லாரியையே பணயம் வெச்சுட்டயே, மண்டைக்கனம் பிடிச்சவளே. எனக்கென்ன, அது டெல்லியில ஆரோ படிக்கப் போறான்." நானும் விடல. திட்டிக்கிட்டே ரெண்டு பேரும் பஸ்ஸுல நிலக்கடலை வாங்கித் தின்னோம்.

சனி ஞாயிறு எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. திங்கக்கிழமை காலையில இருந்து அந்தப் பக்கத்தை நான் எத்தன தடவை தொறந்தேன்னு அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். மத்தியானம் ரெண்டரை மணிக்கு எழுத்து மாறுச்சு. விளக்கம் ஏற்கப்பட்டது. லைசென்ஸ் வழங்கப்பட்டது.

நான் கத்துன கத்துல பக்கத்து ஊட்டு அக்கா செருப்பு மாத்திப் போட்டுக்கிட்டு ஓடியாந்துச்சு. அம்மா கொல்லையில துணி காயப் போட்டுட்டு இருந்துச்சு. ஈரத் துணியோட அப்படியே கட்டிப் பிடிச்சுத் தூக்கிட்டேன். "எறக்கி விடுடி, எறக்கி விடு"ன்னு சிரிப்பும் அழுகையுமா அடிச்சுது. எறங்கினதும் கண்ணைத் தொடச்சுக்கிட்டு முதல் கேள்வி கேட்டுச்சு. "அந்த விளக்கத்தை ஒத்துக்கிட்டாங்களா?"

"ஏற்கப்பட்டதுன்னு போட்டிருக்குது பாரு."

"அன்னைக்கு நீ வேகு வேகுன்னு இங்கிலீஷ்ல சொன்னயே, எனக்குப் பாதி புரியல. தமிழ்ல படி."

போன்ல எடுத்து வெச்சு, ஒவ்வொரு வரியாத் தமிழ்ல சொன்னேன். "எங்கள் குடும்பத்தின் மூன்று லாரிகளுக்கும் உரிய ஆவணங்கள் அனைத்தையும் இருபது ஆண்டுகளாகப் பராமரித்துவருபவர் என் தாயார். பேப்பர் சரியில்லை என்று எங்கள் லாரி எந்த மாநிலத்திலும் நின்றதில்லை. அதே அக்கறையோடு என் லைசென்ஸும் கெட்டுப்போகக் கூடாது என்று அவர் அதற்கு உறை போட்டார். கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போடாமல் விட்டது என் தவறு."

அம்மா கொடியில ஒரு லுங்கியை ரெண்டு தடவை உதறிப் போட்டுச்சு. "இன்னொருக்கா படி"ன்னுச்சு.

படிச்சேன்.

"இன்னொருக்கா."

மூணாவது தடவை ஆரம்பிக்கறதுக்குள்ள அம்மா தன் போனை எடுத்து அப்பாவுக்குப் போட்டுருச்சு. லாரி சத்தத்துக்கு நடுவுல அப்பா "என்னாச்சு, என்னாச்சு?"ன்னு கத்தறாரு. "வண்டியை ஓரமா நிறுத்துங்க. பேசாதீங்க, இதைய மட்டும் கேளுங்க"ன்னு சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை என் வாய்க்கிட்டப் பிடிச்சுது. நான் மூணாவது தடவை படிச்சேன். அப்பாவும் இன்னொருக்கா படிக்கச் சொன்னாரு. நாலாவது தடவை முடிச்சு, அழுது சிரிச்சுப் போனை வெச்சு, துணி பூராவும் காயப் போட்டு முடிச்ச பொறகுதான் எங்களுக்கே ஒறைச்சுது. லைசென்ஸ் வந்த சேதியை அவருகிட்ட ரெண்டு பேருமே சொல்லல.